மார்ச்சிலும் ஒரு வெள்ளி பதிமூன்று

6 மார்ச் 2026, வெள்ளி

காலையிலேயே வெயில். பிரஸ்ஸில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் சூடு. இரண்டு கல்யாணக் கார்டு, ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அஞ்சலிக்கு அனுப்பிய போட்டோவில் யாரோ அந்த மனிதரின் தோளில் கை போட்டு நிற்கிறார். கம்ப்யூட்டரில் கையை மட்டும் அழிக்க வெகுநேரம் பிடித்தது.

மதியத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து கோஆர்டினேட்டர் மேடம் போன். உறுப்பு மாற்றுக் கமிட்டி ஒப்புக்கொண்டுவிட்டது. என் கிட்னி ஒன்று அண்ணனுக்கு. வெளியூரிலிருந்து வரும் சர்ஜன் தேதியும் கொடுத்தாயிற்று. அடுத்த வெள்ளி. வியாழன் காலை இரண்டு பேரும் அட்மிட் ஆக வேண்டும்.

உடனே அண்ணனுக்கு போன். டயாலிசிஸில் படுத்திருந்தான். அவன் மனைவி, என் மைனி, எடுத்து அவன் காதில் வைத்தாள். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

"அடுத்த வெள்ளி என்ன தேதி?"

"பதிமூணு."

போன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"வேண்டாம் ஸ்டெல்லா. வேற தேதி கேளு."

அண்ணன் யூஜின் கல்ஃபில் சப்ளை போட்டில் பல வருஷம் ஓடியவன். அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். வெள்ளியும் பதிமூன்றும் சேர்ந்து வந்தால் அவர்கள் கேப்டன் போட்டைக் கட்டிய கயிற்றை அவிழ்க்கவே விடமாட்டாராம். போன மாதமும் பதிமூன்று வெள்ளிதான். அன்றைக்குத்தான் டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்து வைத்திருந்த ரத்தக்குழாய் அடைத்துப் போனது. அதிலிருந்து கழுத்தில் டியூப்.

"பிப்ரவரியில ஒருக்கா காட்டியாச்சு. மார்ச்சுலயும் பாக்கணுமா?" என்றான். மைனி போனை வாங்கி, "வீட்டுக்கு வா, பேசிக்கிடுவோம்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மீன் வாங்க மறந்தேன். தவக்கால வெள்ளி, எப்படியும் கஞ்சிதான்.

7 மார்ச், சனி

பிரஸ் அரை நாள். தக்கலையிலிருந்து குளச்சல் பஸ், அங்கிருந்து ஆட்டோவில் ஊர். வெயில் அடிக்கிற பக்கம்தான் சீட் கிடைத்தது.

அண்ணன் கட்டிலில். பட்டன் போடாத சட்டை, டியூபுக்கு மேல் துணி. இன்னும் கறுத்திருக்கிறான். மைனி சாயா தந்தாள். அவளுக்கு ரத்தவகை சேரவில்லை. சேர்ந்திருந்தால் யாரையும் கேட்டிருக்கமாட்டாள். பிள்ளைகளும் இல்லை. அதனால்தான் நான்.

"பதிமூணு அந்தோணியாருக்க நாளு அண்ணே. ஜூன் பதிமூணு திருநாள். உனக்குக் காய்ச்சல் வந்தப்போ நம்மளப் பெத்த அம்மை பதிமூணு செவ்வாயும் நடந்தே கோயிலுக்குப் போனா."

"அது பதிமூணு மட்டும். இது வெள்ளியும் சேர்ந்தது. ரெண்டும் சேரக்கூடாது."

"யாரு சொன்னா?"

"ஆண்டவரு செத்தது வெள்ளி. கடைசி ராச்சாப்பாட்டுல பதிமூணு பேரு இருந்தாவ. பின்ன?"

அடுக்களையிலிருந்து மைனி: "ராச்சாப்பாடு வியாழக்கிழமைல்லா."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எத்தனை புயலில் கடலில் கிடந்தவன். ஒரு தேதிக்கு இப்படியா.

கிளம்பும்போது மைனி வாசல்வரை வந்தாள். கையைப் பிடித்தாள். கை ஈரம்.

8 மார்ச், ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். பிரசங்கம் காதில் ஏறவில்லை. மகள் ஷைனிக்கு நாளை பிளஸ் டூ பரீட்சை. அவளுக்குப் பிடித்த கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்: "போன மாசந்தானே வெள்ளி பதிமூணு வந்து? அதுக்குள்ள எப்படி மறுபடியும்?"

எனக்குத் தெரியும். வருஷா வருஷம் காலண்டர் அடிக்கிறவளுக்குத் தெரியாதா. பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள் என்றால் சரியாக நாலு வாரம். மார்ச்சில் அதே கட்டத்தில் அதே கிழமை. பிப்ரவரிப் பக்கத்தை காப்பி பண்ணி, மாதப் பெயரை மாற்றி, கடைசியில் மூன்று நாள் சேர்த்தால் மார்ச். எங்களுக்கு வேலை மிச்சம் என்று சந்தோஷப்படுவோம். இந்த வருஷம் நவம்பரிலும் உண்டு. வெள்ளி பதிமூன்று ஒன்றாவது இல்லாத வருஷமே கிடையாது. மூன்றுக்கு மேலும் போகாது.

"அப்போ இந்த வருஷம் கூடிப்போச்சு" என்றார் இவர். தட்டைப் பார்த்தபடி. நேற்று ராத்திரியிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறார். கேட்டால் கடையில் சரக்கு வரவில்லை என்கிறார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சரக்கு வராதது புதிதா?

ஷைனி போனில் எதையோ தேடி எடுத்து வாசித்தாள். பதிமூன்றாம் தேதி மற்றக் கிழமைகளைவிட வெள்ளியில்தான் ஒரு துளி கூடுதலாக வருகிறதாம், நானூறு வருஷக் கணக்கில். படிக்கிற வேலையைப் பார் என்று கத்திவிட்டேன். பாவம்.

9 மார்ச், திங்கள்

காலையில் மைனி போன். டயாலிசிஸ் நடுவில் அண்ணனுக்குக் குளிர் வந்து உடம்பு தூக்கிப் போட்டதாம். மூன்று போர்வை. கழுத்து டியூபில் கிருமி ஏறியிருக்குமோ என்று ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பிரஸ்ஸின் பின்பக்கம் போய் கோஆர்டினேட்டர் மேடத்தைக் கூப்பிட்டேன்.

"வியாழனோ சனியோ ஆகாதா மேடம்?"

"சர்ஜன் இந்த வெள்ளி மட்டுந்தாம்மா வாறாரு. இது போச்சுன்னா ஈஸ்டர் கழிஞ்சு, ஏப்ரல் கடைசி. அதுவரை அந்த டியூப் தாங்கணும். தாங்கும்னு டாக்டர் சொல்லமாட்டாரு."

எனக்குள் நடந்ததை இங்கே மட்டும் எழுதுகிறேன். ஏப்ரல் என்றதும் முதலில் வந்தது நிம்மதி. ஒரு மூச்சளவு. அண்ணன் குளிரில் நடுங்கிக் கிடக்கிறான், எனக்கு இங்கே நிம்மதி. அதன் பிறகுதான் பயம் வந்தது.

மதியம் ஒரு கல்யாணக் கார்டில் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் மாற்றி அடித்துவிட்டேன். முதலாளி தானே திருத்திக் கொடுத்தார்.

ராத்திரிக்குள் தகவல் வந்தது. ரத்தத்தில் கிருமி இல்லை. இந்தத் தடவை.

10 மார்ச், செவ்வாய்

லீவு போட்டு ஊருக்குப் போனேன். இன்று அவனுக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். போன வருஷக் காலண்டரின் ஜூன் பக்கத்தைக் கிழித்துப் பையில் வைத்திருந்தேன்.

"பாரு. போன வருஷம் ஜூன் பதிமூணு என்ன கிழமை?"

கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் பார்த்தான். வெள்ளி.

"அன்னைக்கு அந்தோணியாருக்க தேரை யாரு தோளு குடுத்துத் தூக்கினா? வெயில்ல, செருப்பு இல்லாம? வெள்ளியும் பதிமூணும் அன்னைக்கு சேரலியா? உனக்கு என்ன ஆச்சு?"

வெகுநேரம் காலண்டர் தாளையே பார்த்தான். முடிந்தது, ஒப்புக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன்.

"தவக்காலம்" என்றான்.

"என்னது?"

"தவக்காலத்துல வெள்ளிக்கிழமை உடம்பைக் கீறக்கூடாது."

அப்படி ஒன்று நான் கேள்விப்பட்டதே இல்லை. சாமியாரிடம் போன் போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம், சர்ஜன் வெளியூர்க்காரர், அவசரமாக முடித்துவிட்டுப் போய்விடுவார் என்றான். அதற்கும் பதில் சொன்னேன். ஷைனிக்குப் பரீட்சை நடக்கிறது என்றான். ஒன்றை அடைத்தால் இன்னொன்று ஒழுகுகிறது.

"உனக்குச் சாகணும்னா சொல்லு. நான் போஸ்டர் அடிச்சு வைக்கேன்" என்று கத்திவிட்டேன். மைனி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணனுக்குக் கோபம்கூட வரவில்லை. "நல்ல போட்டோவா போடு" என்றான்.

பஸ்ஸில் அழுகை. பக்கத்துச் சீட்டுப் பெண் கொய்யாப்பழம் நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

11 மார்ச், புதன்

நாளை அட்மிஷன். பை கட்டியாயிற்று. இரண்டு நைட்டி, துண்டு, ஜெபமாலை, சார்ஜர், இந்த டைரி. ஷைனியை நான் வரும்வரை இவர் அக்கா பார்த்துக்கொள்வாள்.

மாலையில் இவர் கடையை அடைத்துவிட்டுச் சீக்கிரம் வந்தார். சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒரு காரியம் சொல்லணும். கோவப்படாத."

சனிக்கிழமை நான் ஊரிலிருந்து கிளம்பிய பிறகு அண்ணன் இவரைக் கூப்பிட்டிருக்கிறான். "மாப்பிள, நீரு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடாதேயும். போடமாட்டேன்னு நின்னா அவங்க விட்டிருவாங்க. ஸ்டெல்லாட்ட நான் சொன்னேன்னு சொல்லவேண்டாம். பழி எனக்க மேல கெடந்தா அவ விடாம வந்து நிப்பா. உமக்க மேல கெடந்தா சமாதானம் ஆயிருவா."

சனியிலிருந்து இவர் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"சரின்னு சொன்னீங்களா?"

"இல்ல. ஆனா நானும் யோசிச்சேன். உனக்கு ஒண்ணு ஆயிட்டா நானும் பிள்ளையும் என்ன செய்ய? யோசிச்சது தப்பா?"

தப்பில்லை. அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சோறு வைத்துக் கொடுத்தேன்.

பதிமூன்றும் இல்லை, வெள்ளியும் இல்லை. கேப்டனும் கயிறும் எல்லாம் சும்மா. ஐந்து நாளாக ஒரு பொய்யோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

12 மார்ச், வியாழன்

காலையில் அட்மிட். கையில் பெயர் எழுதிய பட்டை கட்டினார்கள். ரத்தம், எக்ஸ்ரே, எடை. அண்ணன் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். மைனி அழுதுகொண்டே கூப்பிட்டாள். விடியற்காலை எழும்பிப் போனவன், திரும்பவில்லை.

கோஆர்டினேட்டர் மேடம் நேராகச் சொல்லிவிட்டார். கடைசி ரத்தப் பொருத்தம் பார்க்க வேண்டும், ஆபரேஷனுக்கு முன் ஒரு டயாலிசிஸ் வேண்டும். சாயங்காலத்துக்குள் ஆள் வராவிட்டால் கேன்சல்.

இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை எடுத்தார். "வா, வண்டில ஏறு." கடைக்குச் சரக்கு ஏற்றும் பழைய வேன். சிஸ்டர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் இவர் ஹாரன் அடித்தார். சாதாரணமாக அடிக்கமாட்டார்.

ஊரில் யாரும் பார்க்கவில்லை என்றார்கள். மீன் ஏலக் கூடத்தில் இல்லை, கோயிலில் இல்லை. கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டியிருக்கிறார்களே, தூண்டில் வளைவு, அதன் நுனியில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இவர் கரையிலேயே நின்றார். நான் மட்டும் கல் கல்லாக மிதித்துப் போனேன். வெயில் தலையைப் பிளந்தது. தலையில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கையில என்ன கெட்டு?"

"அட்மிட் ஆயாச்சு. உனக்கும் கட்டிலு போட்டாச்சு. காலியா கெடக்கு."

"நாளைக்கு பதிமூணு."

"அண்ணே, அவரு எல்லாம் சொல்லியாச்சு."

அலை வந்து கல்லில் அடித்துத் திரும்பியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"மாப்பிள வாயில ஒண்ணும் நிக்காது."

"டெஸ்ட்டுக்கெல்லாம் பின்ன என்னத்துக்கு வந்த?"

"சேராதுன்னு நினைச்சேன். எல்லாம் சேர்ந்துட்டு."

பிறகு அவனே பேசினான். என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்து.

"நல்லா இருக்குத உடம்பு. அதுல எனக்காகக் கத்தி வைக்கணும். நான் முழிச்சுப் பாக்கும்போ நீ இல்லேன்னா? ஷைனிக்க மொகத்துல எப்படி முழிப்பேன்? வேண்டாம்னு சொன்னா நீ விடமாட்ட. பதிமூணுன்னு சொன்னா, கிறுக்கன், போட்டும்னு விட்டிருவன்னு நினைச்சேன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நினைச்சியா? திங்கக்கிழமை மேடம் ஏப்ரலுக்குத் தள்ளணும்னு சொன்னப்போ எனக்கு நிம்மதியா இருந்து. கேட்டியா? நீ குளிர்ல நடுங்கிட்டுக் கெடக்க, எனக்கு நிம்மதி. நீயே மாட்டேன்னு நின்னா நான் நல்லவளாவும் இருந்துக்கிடலாம், கத்தியும் வேண்டாம்."

அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"பின்ன ரெண்டு பேருக்கும் வேண்டாம்."

"ரெண்டு பேருக்கும் பயம். அவ்வளவுதான். பயந்துட்டே போவோம். நீ போயிட்டன்னு வை, பெட்டிக்கிட்ட நின்னு எனக்கு அந்த நிம்மதிதான் ஞாபகம் வரும். அதை வெச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது அண்ணே. எனக்காக வா."

துண்டைத் தலையில் சுற்றிக் கட்டினான். கரையில் இவர் நின்ற இடத்திலேயே நிற்பது தெரிந்தது.

"கால் மரத்துட்டு. கை குடு" என்றான்.

தூக்கினேன். கனமே இல்லை.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் திட்டியது காது கொள்ளாது. அண்ணனை நேராக டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ரத்தப் பொருத்தம் சரி என்று இப்போதுதான் சொன்னார்கள். இவர் என் ஒப்புதல் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல். போட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

13 மார்ச், வெள்ளி

தண்ணீர்கூடக் கூடாது. நாக்கு ஒட்டுகிறது.

எதிர்க்கட்டில் அக்காவுக்குப் பித்தப்பைக் கல். ராகு காலத்துக்கு முன்னால் தியேட்டருக்குள் எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இன்று வெள்ளி பதிமூன்று ஆயிற்றே, அது பரவாயில்லையா என்று கேட்டேன். "பதிமூணுக்கு என்னம்மா?" என்றாள். நிஜமாகவே தெரியாது. சொல்லாமல் விட்டேன்.

முதலில் நான். பிறகு அண்ணன். அவனைப் பார்க்க விடவில்லை. மைனி வந்து நெற்றியில் சிலுவை போட்டாள். ஷைனி போனில்: "அம்மா, பயமா இருக்கா?" இருக்கு மக்களே என்றேன். பொய் சொன்னது போதும்.

இவர் என் கம்மலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்.

கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறார்கள். எழுத்து தெரியவில்லை

16 மார்ச், திங்கள்

பேனா பிடிக்க முடிகிறது. இடுப்புப் பக்கம் யாரோ செங்கல்லைச் சொருகியதுபோல். இருமினால் உயிர் போகிறது. எனக்கு எல்லாம் நன்றாக இருக்கிறதாம்.

அண்ணனைப் பற்றிக் கேட்டால், நன்றாக இருக்கிறார் என்கிறார்கள். எல்லாரும் ஒரே குரலில். இன்று காலை மைனி முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

வைத்த கிட்னி வேலை செய்யவில்லை. ரத்தம் ஓடுகிறது, ஆனால் சிறுநீர் இல்லை. நேற்று மறுபடியும் டயாலிசிஸ் போட்டார்களாம். "தூங்குது, சில பேருக்கு எழும்ப நாளாவும்னு டாக்டரு சொல்லுகாரு" என்றாள். பிறகு, "அந்தத் தேதி மட்டும்" என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டாள்.

திட்ட நினைத்தேன். முடியவில்லை. எல்லாரும் மழுப்புவதைப் பார்த்து நேற்றிலிருந்து நானும் மனசுக்குள் பிப்ரவரியையும் மார்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். தூக்கிக்கொண்டு வந்தது நான்தானே. வரமாட்டேன் என்றவனை.

இவர் கஞ்சி ஊட்டினார். உப்பு இல்லை. இறங்கவில்லை.

17 மார்ச், செவ்வாய்

மழை. விடிந்ததிலிருந்து பெய்கிறது. ஜன்னல் கம்பியெல்லாம் ஈரம்.

வராந்தா கடைசிவரை நடக்கச் சொன்னார்கள். பாதியில் திரும்பிவிட்டேன். டாக்டர் ரவுண்ட்ஸில் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. ஸ்கேன் எடுக்கப் போகிறார்களாம். ஏன் என்று கேட்கப் பயம்.

மத்தியானம் மைனியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். அவள் எடுக்காமல் என்னிடம் நீட்டினாள். ஐசியூ சிஸ்டரின் போனிலிருந்து அண்ணன். ஸ்பீக்கரை எப்படியோ அமுக்கிவிட்டேன்.

"ஏட்டி."

"என்ன அண்ணே? காய்ச்சலா?"

"வருதுடி."

"என்னது வருது?"

"ஒண்ணுக்கு! பையில மஞ்சளா நிக்குது. இப்ப சிஸ்டர் மாத்தினா, அதுக்குள்ள மறுபடியும் வருது. எத்தனை மாசமாச்சு. நிக்கவே மாட்டேங்குது ஸ்டெல்லா, உனக்க சாமானம் என்னா ஓட்டம் ஓடுது!"

கத்துகிறான். அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. பின்னால் சிஸ்டர், "சத்தம் போடாதீங்க, பைய" என்கிறாள். மைனி தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இவர் சட்டென்று ஜன்னலுக்குப் போய் மழையைப் பார்க்கிறார்.

பக்கத்துக் கட்டிலுக்கு இன்று காலை வந்த வயதான பெரியம்மா தலையைத் தூக்கிக் கேட்டாள்: "என்ன மக்கா, பிள்ளை பெறந்துட்டா? ஆணா பெண்ணா?"

"இல்ல பெரியம்மே. எனக்க அண்ணன் ஒண்ணுக்குப் போயிட்டான்."

வார்டே சிரித்தது. நானும். தையல் இழுக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். சிஸ்டர் ஓடி வருகிறாள் திட்ட